சக்கரை நோம்பி

கண்ணு,

கடிதம் என்றால் நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ நலம் என்றுதான் சொல்வாய். போன ஞாயிற்றுக்கிழமை போனில் அப்படித்தானே சொன்னாய். "அம்மா, கம்பெனில மெடிக்கல் செக்கப் முடிஞ்சுது. சுகர் நார்மல். போன வருஷம் இருக்குன்னு சொன்னதே தப்பு போல" என்று சிரித்தாய். எனக்கும் வயிறு குளிர்ந்துதான் போயிற்று. அப்புறம் உன் பெண்டாட்டி போனை வாங்கினாள். மாமியாரைச் சந்தோஷப்படுத்த நினைத்து, பாவம், உள்ளதைச் சொல்லிவிட்டாள். "அத்தே, உங்க பையனுக்கு உங்க கைச் சமையல் நெனப்பு வந்துருச்சு. ரெண்டு நாளா ராகிக் கஞ்சிதான் வேணும்னு ஒரே அடம். டீகூடக் குடிக்கல. எடுத்து வெச்சா மறந்துபோற மாத்திரையக்கூட வேளா வேளைக்குக் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டாரு." ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிள்ளைக்கு மெட்ராஸ் போயும் நம் கஞ்சி மறக்கவில்லையே என்று. பிறகுதான் கேட்டேன், எந்த ரெண்டு நாள் சாமி என்று. "செக்கப்புக்கு முந்தின ரெண்டு நாள்தான் அத்தே" என்றாள்.

என்ன பேசினேன், எப்படிப் போனை வைத்தேன் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஆபீஸ் குரலில் சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத உட்காருவதும் எழுவதுமாகத்தான் இருக்கிறேன். கடைசி ஈடு மிளகு வாசலில் காய்கிறது. மேகம் கூடினால் ஓடிப்போய் வாரி உள்ளே போடுகிறேன், வெயில் வந்தால் மறுபடி பரப்புகிறேன். நடுநடுவே உனக்கு நாலு வரி. கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்.

உங்கப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது தொண்ணூற்றேழு வாக்கில். அதற்கு எத்தனை வருஷம் முன்பே உடம்பில் உட்கார்ந்திருந்ததோ, யார் கண்டது. குச்சிக்கிழங்குக் காட்டில் காலில் மண்வெட்டி பட்ட புண் ஆறவே இல்லை. பச்சிலை கட்டினார், மஞ்சள் பற்றுப் போட்டார், கடைசியில் நான் விடாமல் நச்சரித்ததால் மலை மேல் இருக்கிற அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரத்தம் பார்த்துவிட்டு அங்கே இருந்த டாக்டர், சின்ன வயசுப் பையன், உனக்கு இப்போது இருக்கிற வயசுதான் இருக்கும், "உங்களுக்குச் சக்கரை இருக்குதுங்க" என்றார். உங்கப்பா அசரவில்லை. "எனக்கேதுங்க சக்கரை? நாங்க டீக்கே வெல்லந்தானுங்க போடறது" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. நல்ல பையன் அவர். யாரையும் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. குறை சொல்ல ஓர் ஆள் அகப்பட்டிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் இப்படிக் குடைந்திருக்காது.

மாதத்தில் ஒரு நாள் சர்க்கரைக்காரர்களுக்கு என்று வைத்தார்கள். அன்றைக்கு மட்டும் கீழேயிருந்து ரத்தம் பார்க்கிற ஆள் ஜீப்பில் வருவார். மற்ற நாளில் போனால் மாத்திரை உண்டு, சோதனை கிடையாது. மாத்திரையும் எல்லா மாதமும் முழுசாக வராது. "பத்து நாளைக்குத்தானுங்க வந்திருக்குது, மீதிய அடுத்த லோடுல தாரோம்" என்பார்கள். பத்து நாள் மாத்திரையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்ட வேண்டும் என்றால் மனுஷன் என்ன செய்வான்? தினமும் போட்டு முதல் பத்து நாளிலேயே தீர்த்துவிட்டால் கடைசியில் டாக்டர் பார்க்கிற அன்றைக்குக் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் உங்கப்பாவும், அவரை மாதிரி நம் மலையில் திண்ணனூர் நாட்டு ஊர்களில் இருந்த மற்றவர்களும், மாத்திரையைத் துணியில் முடிச்சுப் போட்டு வைத்திருந்து டாக்டர் பார்க்கிற நாள் நெருங்கும்போது எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

உன் பெண்டாட்டியும் இதைப் படிப்பாள் என்பதால் சொல்கிறேன், எங்கள் பக்கம் நோம்பி என்றால் அவள் ஊரில் சொல்கிற திருவிழா. அம்மனுக்கு நோம்பி சாட்டிவிட்டால், அதாவது இன்ன நாள் என்று ஊருக்கு அறிவித்துவிட்டால், வீட்டை மெழுகி, கறி மீனை ஒதுக்கி, தலைக்குக் குளித்து, ஒருவேளைக் கஞ்சியோடு சுத்தபத்தமாக இருந்துதான் கோயில் வாசலை மிதிப்போம். வாயில் ருசியோடும் வயிற்றில் பாரத்தோடும் போய்ச் சாமி முன்னால் நிற்பது மரியாதை இல்லை. அதே மரியாதையை எங்கள் ஆட்கள் அந்த டாக்டருக்கும் வைத்தார்கள். அத்தனை தூரம் மலையேறி வந்து நமக்காக உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் கெட்ட ரத்தத்தைக் கொண்டுபோய் நீட்டலாமா? சர்க்கரை நாளுக்கு இரண்டு நாள் முன்பிருந்து ரேஷன் அரிசிச் சோறு கிடையாது, கிழங்கு கிடையாது, பலாப்பழ வாசமே வீட்டுக்குள் வரக்கூடாது. சாமைக் கஞ்சி, ராகிக் கஞ்சி, மாத்திரை. "சக்கரை நோம்பி சாட்டியாச்சு புள்ள, பானையக் கழுவு" என்று உங்கப்பா கிண்டலாகத்தான் சொல்வார், ஆனால் செய்வது கிண்டலாக இருக்காது. அன்றைக்கு விடியலில் தலைக்குக் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, வெறும் வயிற்றோடு காட்டுத்தடத்தில் இறங்கி ஏறி நடந்து ஆஸ்பத்திரிக்குப் போவார். அந்த நடையில் இருக்கிற சர்க்கரையும் கரைந்துவிடும் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ரத்தம் அப்படி வரும், அத்தனை நன்றாக. டாக்டர் குஷியாக, "மலைக்காரங்களப் பாத்து கீழ இருக்கறவங்க கத்துக்கணுமுங்க" என்பார். ஒரு தடவை எல்லார் முன்னாலும் உங்கப்பா தோளைத் தட்டி, இந்த மலையிலேயே கட்டுப்பாடான ஆள் இவர்தான் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு உங்கப்பா வீட்டுக்கு வந்ததைப் பார்த்திருக்க வேண்டும், வாயெல்லாம் பல். உனக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்தபோதுகூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவருடைய ஆயுசில் பேண்ட் போட்ட, படித்த ஒரு மனுஷன் அவரை நல்லவர் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனசு வருமா? சாயங்காலமே ஒரு குண்டாச் சோறு வடிக்கச் சொன்னார். நோம்பி முடிந்தால் விருந்துதானே.

நீ இதெல்லாம் பார்த்தே வளர்ந்தவன். உனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் பரீட்சைக்கு முன்னால் படிக்கிற மாதிரி ஆஸ்பத்திரிக்கு முன்னால் கஞ்சி குடிக்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு ஒரு வேலையும் ஓட மாட்டேன் என்கிறது.

இரு, வாசலில் காற்று அடிக்கிறது. வருகிறேன்.

அடிவாரத்தில், சேந்தமங்கலத்துக் காதர் பாயை உனக்கு நினைவிருக்கும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை, நம் மிளகை வருஷா வருஷம் எடுத்துக்கொள்கிறவர். நீ காலேஜுக்குப் போன புதிதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டவர். அவருக்கும் உங்கப்பாவுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. சர்க்கரையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் வந்தது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் 'மாப்ள' என்று கூப்பிட்டுக்கொண்டு, எவனுக்கு எவ்வளவு சர்க்கரை என்று பந்தயம் மாதிரி பேசிக்கொள்வார்கள். பந்தயத்தில் எப்போதும் உங்கப்பாதான் ஜெயிப்பார். பாய்க்குச் சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அவருக்குக் கடைக்கு நாலு கடை தள்ளி டாக்டர். ஒரு நாள் மயக்கமாக இருந்தால் அன்றைக்கே போவார். கால் எரிந்தால் போவார். ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பார்ப்பார். நமக்கு டாக்டரைப் பார்ப்பது நோம்பி, அவருக்கு அது டீக்கடைக்குப் போகிற மாதிரி.

ஒரு தடவை மிளகு மூட்டையோடு நாங்கள் கடையில் உட்கார்ந்திருந்தபோது உங்கப்பா வழக்கம்போல ஜெயித்த பெருமையை அளந்தார். கூடவே அந்த ஜெயிப்பின் ரகசியத்தையும், கஞ்சியையும் முடிச்சையும், சொல்லிவிட்டார். பாய் தராசை அப்படியே நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "ஏன் மாப்ள, நோன்பு அல்லாவுக்கு வெக்கிறது. டாக்டருக்கு எதுக்கு வெக்கிற? நானெல்லாம் முந்தின நாள் ராத்திரி புரோட்டாவத் தின்னுட்டுத்தான் போறது. அந்தாளு திட்டுவாரு. திட்டட்டும். திட்டத்தானே அவருகிட்டப் போறோம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். உங்கப்பாவும் சிரித்தார். பஸ்ஸில் வரும்போது, "பாய்க்கு நாக்கக் கட்ட முடியல, அதுக்கு ஒரு பேச்சு" என்றார். அந்த வருஷம்தான் பாயுடைய டாக்டர் அவருடைய மூத்திரத்தில் புரதம் இறங்குகிறது என்று கண்டுபிடித்தார். சர்க்கரை கிட்னியை, நம் பேச்சில் மூத்திரக்காயை, கடிக்க ஆரம்பித்துவிட்டது என்று சொல்லி, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைத்து, மூட்டுவலிக்கு அவர் கடையில் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்த வலி மாத்திரையை நிறுத்தினார். பாய் எங்களிடம் புலம்பினார். உங்கப்பா அவருக்காக வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார், தனக்கு அப்படி ஒன்றும் இல்லையே என்ற நிம்மதியோடு. அவருடைய மூத்திரத்தை அதுவரை யாரும் பார்த்ததே இல்லை. வலி மாத்திரையை அவரும்தான் விழுங்கிக்கொண்டிருந்தார், மூட்டை சுமந்த அன்றெல்லாம் ஒன்று.

இனி எழுதப் போவதை எழுதாமல் நேற்று முழுக்க ஒதுக்கிக்கொண்டு திரிந்தேன். நீ அப்போது காலேஜ் விடுதியில் இருந்தாய், முழுக்கத் தெரியாது.

உங்கப்பாவுக்கு முகம் கொஞ்சம் உப்பியது. பார்த்தவர்கள் எல்லாம் சதை போட்டிருக்கிறார், சர்க்கரை கட்டுக்குள் வந்தால் இப்படித்தான் என்றார்கள். காலையில் கண்ணுக்குக் கீழே பை தொங்கியது, சாயங்காலம் காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. நாள் முழுக்க மேடு பள்ளம் நடக்கிற கால், வீங்காமல் என்ன செய்யும் என்று வெந்நீர் ஊற்றினேன். கீழே போகும்போது கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்தார். அந்தப் பஸ்ஸில் யார்தான் வாந்தி எடுக்கவில்லை? ஜன்னலோரம் உட்கார வைத்து எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தேன். பிறகு வீட்டிலேயே குமட்டியது, சோறு கசந்தது. நான் பித்தம் என்றேன்.

அதற்கு நடுவில்தான் அந்த அதிசயம் நடந்தது. ஒரு சர்க்கரை நாளைக்கு, மழையில் அடைபட்டிருந்த தடம் அன்றைக்குத்தான் திறந்ததால், முன்கூட்டி நோம்பி இருக்க முடியவில்லை. மாத்திரையும் தீர்ந்திருந்தது. பயந்து பயந்துதான் போனார். சர்க்கரை என்றைக்கும் இல்லாத அளவுக்கு இறங்கி இருந்தது. அடுத்த மாதம் வேண்டுமென்றே சோதித்துப் பார்க்கிற மாதிரி எல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போனார். அப்போதும் குறைவு. புதிதாக மாற்றலாகி வந்திருந்த டாக்டர், "மாத்திரையக் கொறச்சுக்கலாமுங்க" என்றார். உங்கப்பா வழியெல்லாம் எதிரில் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டு வந்தார், "எனக்குச் சக்கரை போயே போச்சு" என்று. வீட்டில் கோழி அடித்தோம். அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுப் போட்டோம். அவர் ரெண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை, பலாச்சுளை மட்டும் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏம்புள்ள, இனிமே பயமில்லாமத் திங்கலாம். ஆனா திங்கத்தான் புடிக்கல" என்றார்.

மூத்திரக்காய் கெட்டுப்போனால் சர்க்கரை தானாக இறங்குமாம். மருந்து உடம்பை விட்டு வெளியே போகாமல் உள்ளேயே நிற்குமாம், சோறும் இறங்காதாம். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா எனக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னார். நாங்கள் கோழி அடித்துக் கொண்டாடியது எதை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் வேறு ஒன்றும் பார்த்தேன். உங்கப்பாவுடைய மூத்திரத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து, சோதனை அறையில் இருந்த பெண் ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள். இரண்டு சொட்டு ஏதோ விட்டாள். மேல்பாதி தயிர் மாதிரித் திரிந்து நின்றது. நான் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த விளக்கைத் தெரியும். நான் பால்வாடி டீச்சராக இருந்த அத்தனை வருஷமும் மாசமான பெண்களை நம் மலை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போவேனே, அங்கே நர்சம்மா ஒவ்வொருத்திக்கும் இதே குழாயில், இதே விளக்கில், இதே சொட்டு விட்டுத்தான் பார்ப்பார். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குப் புரதம் போனால் ஆபத்து என்று. சில சமயம் சர்க்கரை நாளும் அந்த நாளும் ஒன்றாக வரும். உள்ளே விளக்கு எரியும், வெளியே பெஞ்சில் உங்கப்பா வெளுத்த வேட்டியோடு உட்கார்ந்திருப்பார். நடுவில் ஒரு கதவு, அதுவும் சாத்தாத கதவு.

மலைக்கு வசதி இல்லை, மிஷின் இல்லை, பெரிய டாக்டர் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரிதான், இல்லைதான். ஆனால் உங்கப்பாவுக்கு வேண்டியிருந்தது ஒரு விளக்கும் ஒரு குழாயும். அது இருந்தது. கருமாதியெல்லாம் முடிந்த பிறகு நான் போய் நர்சம்மாவிடம் கேட்டேன், ஏனுங்க, இவங்களுக்கும் பார்த்திருக்கலாமே என்று. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது மாசமா இருக்கறவங்களுக்குன்னு வந்த சாமானுங்க அக்கா. சக்கரைக்காரங்களுக்கும் பாருன்னு எங்களுக்கு யாரும் சொல்லலீங்க. ரத்தந்தான் நல்லா இருந்துச்சேன்னு டாக்டரும் நெனச்சுட்டாருங்க" என்றார். ரத்தம் நன்றாகத்தான் இருந்தது. நாங்கள்தான் நன்றாக வைத்திருந்தோம். நீ அழைத்துக்கொண்டு போனவளாயிற்றே, உனக்குத் தோன்றவில்லையா என்று யாராவது என்னைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். எனக்கு எப்படித் தோன்றும் கண்ணு? பாய்க்குத் தோன்றியதா? அவருக்குத் தோன்ற வேண்டிய அவசியமே இல்லை, அவருடைய டாக்டருக்குத் தோன்றியது. அடிவாரத்தில் பிறந்திருந்தால் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லாத ஒன்றை, மலையில் பிறந்தால் மட்டும் நாமே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம்?

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் மிஷினுக்கு வாரத்தில் இரண்டு தடவை சேலம் போக வேண்டும், மலையிலிருந்து முடியாது. பாய் தன் கடை மாடியறையை ஒழித்துக் கொடுத்தார். நீ காலேஜை விட்டுவிட்டு வந்து கூட நின்றாய், திட்டித் திருப்பி அனுப்பினோம். உங்கப்பாவுக்குக் கீழே இருப்புக் கொள்ளவில்லை. மாடி ஜன்னலிலிருந்து மலை தெரியும், அதைப் பார்த்து, "மொளகு பழுத்திருக்கும், பறவ தின்னுரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீவிவிடுவார். ஒரு நாள் உங்கப்பா அவரிடம், "மாப்ள, எப்பவும் நாந்தானே ஜெயிச்சேன்?" என்று கேட்டார். பாய் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த மழைக்காலம் முடியும் முன்பே உங்கப்பா போய்விட்டார். பாய் இன்றைக்கும் கடையில் உட்கார்ந்திருக்கிறார், போன வாரம்கூட மிளகு எப்போது இறக்குவீர்கள் என்று ஆள் அனுப்பினார். அவர் நன்றாக இருப்பதில் எனக்கு ஒரு பொறாமையும் இல்லை. நூறு வயசு இருக்கட்டும். ஆனால் அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில்தானே இருந்தோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அப்புறம் நான் அந்த ஆஸ்பத்திரியைச் சும்மா விடவில்லை. வருகிற ஒவ்வொரு டாக்டரிடமும் போய் நின்றேன். சிலர் பார்க்கலாம் என்றார்கள், ஒருத்தர் பால்வாடியைப் பாரும்மா என்றார். கடைசியாக வந்த டாக்டரம்மா மட்டும் முழுசாகக் கேட்டுவிட்டு, "நாளைல இருந்தே பாத்துரலாங்க்கா" என்றார். இப்போது சர்க்கரைக்காரர்களையும் உள்ளே கூப்பிட்டுக் குழாயில் பார்க்கிறார்கள். அந்தம்மாவுக்கு மாற்றல் வந்தால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. நம் ஆட்களோ இன்னும் கஞ்சி குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். நான் தடத்தில் மறித்து நின்று, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுத் திட்டுகிறேன். எனக்குப் பைத்தியம் என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ இருக்கிற ஊரில் தெருவுக்குத் தெரு சோதனைக்கூடம் இருக்கிறது. கஞ்சியெல்லாம் குடித்து ஏமாற்ற முடியாதபடி மூன்று மாதச் சர்க்கரையை ஒரே சோதனையில் காட்டுகிற வசதிகூட அங்கே வந்துவிட்டதாமே. எங்கள் டாக்டரம்மா சொன்னார், இங்கே அது இன்னும் வரவில்லை. உங்கப்பாவுக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது எல்லாம் உனக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. நீயோ மலையிலிருந்து கஞ்சியை மட்டும் கூடவே கொண்டுபோயிருக்கிறாய். கம்பெனியில் சீட்டைக் காட்டினால் வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயந்தாயா? அப்படியானால் கம்பெனிக்குத் தெரியாமல் வெளியே போய்ப் பார். இல்லை, நல்லவன் என்று பேர் வாங்க ஆசைப்பட்டாயா? எனக்கு உன்னைத் தெரியும், அதுதான் இருக்கும். உங்கப்பா பிள்ளைதானே நீ.

உன் பெண்டாட்டிக்கு இது ஐந்தாம் மாதம். போகிற ஒவ்வொரு தடவையும் அவளுடைய மூத்திரத்தைப் பார்க்கிறார்கள், அவளே சொன்னாள். "அவரு வெளியிலயே உக்காந்து பேப்பர் படிப்பாரு அத்தே" என்றும் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு அந்தப் பெஞ்சுதான் கண்ணில் வந்தது. வெளுத்த வேட்டிக்குப் பதிலாக பேண்ட், அவ்வளவுதான்.

நேற்றுச் சர்க்கரை நாள். உனக்கு இப்படி எழுதிக்கொண்டு நான் மட்டும் கஞ்சி குடித்துவிட்டுப் போகக்கூடாது என்று, முந்தின நாள் சோறே சாப்பிட்டேன், நம் கொல்லை மரத்தின் முதல் பலாப்பழத்தில் ஆசை தீர நாலு சுளை சாப்பிட்டேன். எனக்குச் சர்க்கரை வந்து மூன்று வருஷம் ஆகிறது, உனக்குத் தெரியும். இதுவரை குழாய் தெளிவாகத்தான் இருந்தது. நேற்று நர்சம்மா விளக்கில் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். நானே வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திரியவில்லை, லேசாகப் புகை படிந்த மாதிரி இருந்தது. "கொஞ்சந்தானுங்க அக்கா" என்றார் அவர். டாக்டரம்மா ரத்தம் எடுத்து நாமக்கல்லுக்கு அனுப்பியிருக்கிறார், இன்னொரு தடவை மூத்திரமும் பார்க்க வேண்டும் என்றார். கொதிப்புக்கு மாத்திரை எழுதி, உப்பைக் குறைக்கச் சொல்லி, வலி மாத்திரை பக்கமே போகக்கூடாது என்று திட்டினார். நன்றாகத் திட்டினார். நான் சிரித்ததைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பயப்படாதே கண்ணு. உங்கப்பாவுக்கு யாரும் சொல்லாத கெட்ட சேதியை எனக்கு நேரத்தோடு சொல்லிவிட்டார்கள்.

அடுத்த தடவை அவளை உள்ளே கூப்பிடும்போது பேப்பரை மடித்து வைத்துவிட்டு நீயும் எழுந்து உள்ளே போ. முந்தின நாள் வழக்கம்போலச் சாப்பிடு. அவள் கொடுக்கிற மாதிரி நீயும் ஒரு புட்டியில் பிடித்துக் கொடு. வந்ததை வந்தபடி எனக்குச் சொல்லு. நல்ல சேதியாக இருக்கட்டும் என்று காத்திருந்து கூப்பிடாதே, எதுவாக இருந்தாலும் அன்றைக்கே கூப்பிடு. மிளகு இன்னும் காயவில்லை, நான் வாசலில்தான் இருப்பேன். டவரும் வாசலில்தான் கிடைக்கிறது.

அம்மா